ஏழாம் பாகத்தில் வெட்டிய காட்சி

நாற்பது வருடங்களாக மேடை நாடகங்களும் தொலைக்காட்சித் தொடர்களும் தயாரித்த குலசிங்கத்துக்குத் திருகோணமலையில் பாராட்டு விழா ஏற்பாடாகியிருந்தது. விழா மலருக்கு அவருடைய தயாரிப்புகளின் பட்டியலைக் கேட்டார்கள். ஓர்ஸ் ஹில்லில் உள்ள தன் வீட்டில் உட்கார்ந்து எழுதிக்கொண்டு வந்தவர், 2007ஆம் ஆண்டுத் தொலைக்காட்சித் தொடருக்கு வந்ததும் பேனையை நிறுத்தினார்.

அதில் தாயாக நடித்தவர் மூதூர் ஆமினா உம்மா. அதற்கு முன் நடித்தே அறியாதவர். முந்தைய வருடம் சண்டையில் ஊரே இடம்பெயர்ந்தபோது அவருடைய மகன் றுவைஸ் காணாமற்போயிருந்தான்.

"ஒரு இடத்தில எண்ட புள்ளட பேரைச் சொல்ல விடுவீங்களா சேர்? ஆராச்சும் பாத்துட்டு வந்து சொல்லுவாங்க" என்று கேட்டுத்தான் நடிக்க வந்தார். குலசிங்கம் ஓமென்றார். தொடரின் ஏழாம் பாகத்தில் ஆமினா உம்மா மகனின் பெயர், வயது, உடுத்திருந்த சட்டையின் நிறம் எல்லாவற்றையும் கமராவைப் பார்த்துச் சொன்னார்.

ஒளிபரப்புக்கு முதல் நாள் தொலைக்காட்சி நிலையத்திலிருந்து அழைத்தார்கள். அந்தக் காட்சி இருந்தால் தொடரே நிற்கும் என்றார்கள். குலசிங்கம் வெட்டினார். ஆமினா உம்மாவிடம் சொல்லவில்லை. அந்தக் காட்சி இருந்த ஒளிநாடாவை அழித்து அதிலேயே அடுத்த தொடரைப் பதிந்தார்.

பட்டியலை அப்படியே வைத்துவிட்டு மூதூருக்கு பஸ் ஏறினார். ஆமினா உம்மா தையல் மெஷினில் இருந்தார்.

"என்னைத் தெரியுதோ?"

"தெரியாம? இருங்க சேர்."

அந்தக் காட்சியை வெட்டியதைக் குலசிங்கம் தட்டுத்தடுமாறிச் சொல்லி முடித்தார். ஆமினா உம்மா துணியிலிருந்து கையை எடுத்தார்.

"அண்டைக்கு எங்கட வளவு நிறைஞ்ச சனம். இந்தா வருது, இந்தா வருதுண்டு பாத்துட்டிருந்தம். முடிஞ்சு பாட்டுப் போட்டாங்க. எல்லாரும் என்னைத்தான் பாத்தாங்க."

"நான் வந்து சொல்லியிருக்கவேணும். பயந்துபோனன்."

"நானும் பயந்தன்தான். பயந்து பயந்துதான் நடிச்சன்."

குலசிங்கம் கைபேசியை எடுத்தார். "இப்ப சொல்லுங்கோ உம்மா. நான் பதிஞ்சு போடுறன். உலகம் முழுக்கப் பாப்பினம்."

"அப்ப அவனுக்கு இருபத்திரண்டு வயசு. அந்தச் சட்டையோட கண்டவங்க இருந்திருப்பாங்க. இப்ப நான் எந்த முகத்தைச் சொல்லித் தேட?"

மெஷின் மறுபடி ஓடத் தொடங்கியது. குலசிங்கம் கைபேசியைப் பைக்குள் போட்டுக்கொண்டு எழுந்து வந்தார்.

விழாவில் அறிவிப்பாளர், விழாக் குழுவினரே தேடி நிரப்பிய பட்டியலை ஒவ்வொரு தயாரிப்பாக வாசித்தார். அந்தத் தொடரின் பெயர் வந்ததும் குலசிங்கம் எழுந்துபோய் ஒலிவாங்கியைக் கேட்டு வாங்கினார்.

"இதைப் பட்டியல்ல இருந்து எடுத்துவிடுங்கோ. இதில ஒரு தாய் காணாமற்போன தன்ர மகன்ர பேரைச் சொன்னவ. வாக்குக் குடுத்துப்போட்டு நான் வெட்டினனான்."

பின்வரிசையில் யாரோ அதைத் தன்னடக்கம் என்று நினைத்துக் கைதட்டினார். பிறகு எல்லோரும் தட்டினார்கள்.

"தட்டாதேங்கோ" என்றார் குலசிங்கம். அந்தச் சத்தத்தில் அது ஒருவருக்கும் கேட்கவில்லை.