உவரி மீனுக்கு ஜெர்மன் வடிகட்டி

பெண் பார்க்க வந்த பத்தாவது நிமிஷமே என்னைப் பிடித்துவிட்டது என்று சொன்னவர் என் வீட்டுக்காரர் சிவசைலம். ஒரு மீன் தொட்டிக்கு வடிகட்டி தேர்ந்தெடுக்க அவருக்கு நான்கு மாதம் பிடித்தது.

ராதாபுரம் தாலுகா ஆபீசில் அவர் தலைமை எழுத்தர். கைநீட்டிக் காசு வாங்காதவர். தொண்ணூற்றாறாம் வருஷம் கடலோர உவரிக்காரர் ஒருவர், பட்டா கிடைத்த சந்தோஷத்தில், வெள்ளைப் பட்டை போட்ட ஆரஞ்சு மீன் ஒன்றையும் ஒரு பவளப்பாறைத் துண்டையும் கொடுத்தார். இது காசு இல்லையே என்று வாங்கிவிட்டார்.

பாளையங்கோட்டையில் எங்கள் வீடு சுத்த சைவம். வெள்ளிக்கிழமை வெங்காயம்கூட உள்ளே வராது. அங்கேதான் மீன் குடியேறியது. நாலடிக் கண்ணாடித் தொட்டி வந்தது. கேன் கேனாகக் கடல் தண்ணீர் பஸ்ஸில் வந்தது. வடிகட்டி மட்டும் வரவில்லை.

துபாயில் இப்படித் தொட்டி வைத்திருந்த மேலப்பாளையம் அசன் முகம்மது மூன்று வழி சொன்னார். சரளைக்கு அடியில் வைக்கிற சல்லடைத் தட்டு, அழுக்கை நுரையாக்கித் தள்ளுகிற குழாய், வெளியே டப்பாவுக்குள் மோட்டாரோடு ஓடுகிற ஜெர்மன் வடிகட்டி. என் வீட்டுக்காரர் உடனே ஒரு கோப்பு திறந்தார். தட்டு மலிவு, ஆனால் அடைத்துக்கொள்ளும். குழாய் நல்லது, ஆனால் சத்தம். 'ஆனால்' என்ற சொல்லுக்குத்தான் அரசாங்கம் சம்பளம் கொடுக்கிறது என்று எனக்கு அப்போதுதான் புரிந்தது.

வடிகட்டி வரும்வரை மீன் என் பொறுப்பில், ஒரு பிளாஸ்டிக் வாளியில். தண்ணீரில் காற்று சேர, காப்பி ஆற்றுகிற மாதிரி செம்பால் மொண்டு மொண்டு ஊற்றுவேன். மூக்கைப் பொத்திக்கொண்டு இறால் தூள் போடுவேன், போட்டதும் குளிப்பேன். ஒரு நாளைக்கு மூன்று குளியல். விரலை நீட்டினால் மீன் ஓடிவந்து முட்டும். இந்த வீட்டில் என்னைத் தேடி ஓடிவந்தது அது ஒன்றுதான். அதன் மேல் உயிரையே வைத்திருந்தேன். சொல்ல என்ன வெட்கம்?

ஆவணியில் ஒருவழியாக ஜெர்மன் டப்பா ஜெயித்தது. அசன் முகம்மதே வந்து மாட்டினார். மீன் வாளியிலிருந்து தொட்டிக்கு மாறியது.

"அண்ணாச்சி, ராவும் பகலும் மோட்டார் ஓடணும். உள்ள அழுக்கத் திங்குத கிருமி இருக்கு. ஒரு மணி நேரம் கரண்டு போனா தாங்கும். ஒரு நாள் நின்னா செத்து அழுகிப்போவும். பெறகு மோட்டாரப் போட்டா அந்த விசம் பூரா தொட்டிக்குள்ள வந்துரும்."

ஆயுத பூசை வந்தது. மிக்சி, தையல் மிஷின், அரிவாள்மணை, இவருடைய பேனா, எல்லாம் சந்தனம் குங்குமத்தோடு ஓய்வெடுத்தன. மோட்டார் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது.

"நம்ம வீட்டுல இன்னைக்கு ஒரு ஆயுதமும் ஓடப்பிடாது. இது மட்டும் என்ன, துரை வீட்டுப் பிள்ளையா?" என்றேன்.

"சங்கரி, நிப்பாட்டப்பிடாதுன்னு அசன் சொன்னானே..."

"நாலு மாசம் யோசிச்சது பத்தாதா? ஒரு நாள்ல மீனு செத்தா போவும்?"

நானே சுவிட்சை அணைத்தேன். என் மீனைக் காக்கிற டப்பா ஆயிற்றே என்று அதற்கு ஒரு பொட்டு கூடுதலாகவும் வைத்தேன்.

மறுநாள் காலையில் மீன் மேலே வந்து வாயை வாயைத் திறந்தது. பசி என்று நினைத்து இன்னும் கொஞ்சம் தூள் போட்டேன். கற்பூரம் காட்டி சுவிட்சைப் போட்டேன். குழாயிலிருந்து கறுப்பாக நாறிய தண்ணீர் வந்தது. மத்தியானத்துக்குள் மீன் மல்லாந்துவிட்டது.

அழுதேன். மீன் செத்ததற்கு அழுகிற சைவக்காரியைக் கண்டால் தெருவே சிரிக்கும். இவர் வந்து பார்த்தார். சொல்லிக்காட்ட இதைவிட நல்ல சந்தர்ப்பம் வாய்க்காது. நானாக இருந்தால் ஒரு வருஷத்துக்கு விட்டிருக்க மாட்டேன். அவர் மீனை ஒரு வாழையிலைத் துண்டில் பைய எடுத்தார்.

"மோட்டார்ல ஏதோ கோளாறு, சங்கரி. நான்தான் சரியாப் பாக்காம வாங்கிட்டேன்."

நான்கு மாதம் பார்த்து வாங்கியவர் அப்படிச் சொன்னார்.

"ஆமா, நீங்க சரியாத்தான் பாக்கல" என்று சொல்லிவிட்டேன்.