குண்டு விழாத பனியன்

உலகம் அழியப்போகிற படம் என்றால் மெஹ்ஜபினுக்கு உயிர். அதுவும் சிரிப்புப் படமாக இருக்க வேண்டும். அழுகைப் படம் போட்டால் எழுந்துபோய்ப் பாத்திரம் கழுவுவாள். சண்டைப் படம் போட்டால் உட்கார்ந்தபடியே தூங்கிவிடுவாள். அணுகுண்டுப் பொத்தானைத் தப்பாக அமுக்கிவிட்டு நாலு தளபதிகள் ஒருவர்மேல் ஒருவர் பழி போட்டுக்கொண்டு முழிக்கிற படம் வரட்டும், வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிப்பாள்.

"உலகமே சாம்பலாப் போகுதாம், இவளுக்கு இளிப்பு வருது. யா அல்லாஹ்!" என்று மாமியார் சபுரா பீவி தலையில் அடித்துக்கொள்வார். அடித்துக்கொண்டே கதவோரம் நின்று பாதிப் படம் பார்த்துவிடுவார், அது வேறு விஷயம்.

இந்தப் பைத்தியம் அவளுக்குப் புருஷனிடமிருந்து தொற்றியது. அஸ்ஃபாக் வளைகுடாவில் ஒரு துறைமுக ஊரில், துணிக் கிடங்கில் வேலை பார்க்கிறான். கல்யாணமான பிறகு ஒரே கூரையின் கீழ் இருந்ததைவிட போனில் இருந்ததுதான் அதிகம். அதனால் இருவருமாக ஒரு வழி கண்டுபிடித்திருந்தார்கள். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் இவளுக்குக் கம்பெனி லீவு. அவனுக்கு ஷிப்ட் சாயங்காலம்தான். இவள் மாமியாரின் போனில் படத்தை வைத்துக்கொள்வாள், தன் போனில் அவன் இருப்பான். "ஒண்ணு, ரெண்டு, மூணு, அமுக்கு புள்ள" என்பான். இருவரும் ஒரே நேரத்தில் அமுக்குவார்கள்.

ஒரே நேரத்தில் என்று பேர்தான். அவனுடைய நெட் எப்போதும் மந்தம். இவள் சிரித்து முடித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டிருக்கும்போதுதான் அங்கிருந்து அவனுடைய சிரிப்பு வரும். முதலில் எரிச்சலாக இருந்தது. பிறகு அந்தப் பிந்தி வருகிற சிரிப்புக்காகவே தன் சிரிப்பைச் சீக்கிரம் முடித்துக்கொண்டு காதைத் தீட்டிக்கொண்டு உட்கார ஆரம்பித்தாள். படமே அதற்குத்தான் என்று ஆகிவிட்டது.

"ஏன் மச்சான் நமக்கு இந்த மாதிரிப் படமே புடிக்குது? நாம என்ன லூசா?" என்று ஒருநாள் கேட்டாள்.

"மத்த படத்துல பெரிய மனுசங்கெல்லாம் அறிவாளியா இருக்கறாங்க புள்ள. பாத்தா நம்பவே முடியறதில்ல. இதுல பாரு, மந்திரியும் முட்டாளு, தளபதியும் முட்டாளு. நம்ம கம்பெனி மீட்டிங் மாதிரியே இருக்குது. அப்புறம் இன்னொண்ணு. பயமா இருக்கறப்ப தனியாச் சிரிக்க முடியாது. ஒரு ஆளு வேணும்."

கடைசியாகப் பார்க்க ஆரம்பித்தது ஒரு பழைய வெளிநாட்டுப் படம். யாரோ புண்ணியவான் தமிழில் குரல் கொடுத்திருந்தான். பக்கத்து நாட்டிலிருந்து குண்டு கிளம்பிவிட்டது, வந்து சேர ஒன்றரை மணி நேரம் ஆகும். ஊர் முனிசிபாலிட்டியில் கூட்டம் போடுகிறார்கள். மக்களுக்குச் சொல்லலாமா என்றால், எந்த அறிவிப்பும் பதினைந்து நாள் முன்னதாகத்தான் தர வேண்டும் என்று விதி இருக்கிறதாம். குண்டு விழுந்த மறுநாளும் அலுவலகம் வழக்கம்போல இயங்கும், தாமதமாக வருகிறவர்களுக்கு அரைநாள் சம்பளம் பிடிக்கப்படும் என்று சுற்றறிக்கை வேறு. அதைத் தட்டச்சு செய்கிற பெண்ணும், அதை ஒட்டப் போகிற கிளார்க்கும் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்கிறார்கள். பசைவாளியைக் கீழே வைத்துவிட்டு, சாப்பாட்டுக் கூடையைத் தூக்கிக்கொண்டு ஊருக்கு வெளியே இருக்கிற மலைமேல் ஏறுகிறார்கள். குண்டு விழுமா, விழாதா?

அந்த இடத்தில்தான் அவன் பக்கம் அபாயச் சங்கு ஊதியது.

படத்தில்தான் ஊதுகிறது, அவனுடைய படம் கொஞ்சம் முந்திவிட்டது என்று மெஹ்ஜபின் சிரித்தாள். சிரித்த வாய் அப்படியே நின்றது. அவனுடையது முந்த வழியே இல்லையே, என்றைக்கும் பிந்தித்தானே வரும்!

"புள்ள, நிறுத்து. இது படமில்ல" என்றான் அஸ்ஃபாக். ஆட்கள் ஓடுகிற சத்தம் கேட்டது. "எல்லாரையும் கீழ கார் நிறுத்தற எடத்துக்குப் போகச் சொல்றாங்க. மீதிய நா வந்து சேந்து பாக்கலாம். நீ தனியாப் பாத்தீன்னா கொன்னு போடுவேன், ஆமா!"

அடுத்த மாதம் வருவதற்கு அவன் டிக்கெட் எடுத்திருந்தான். சண்டை வலுத்து விமான நிலையத்தை மூடிவிட்டார்கள். போன் நினைத்தபோது கிடைப்பதில்லை. கிடைத்தாலும் "நல்லாருக்கேன், சாப்டியா" என்பதற்குள் அறுந்துவிடும். மெஹ்ஜபின் படத்தை நிறுத்திய இடத்திலேயே வைத்திருந்தாள். படத்தில் அந்த இருவரும் மலை ஏறிக்கொண்டே இருந்தார்கள். மேலே போய்ச் சேராதவரை ஒன்றும் விழாது என்று அவளுக்கு ஒரு கிறுக்கு நம்பிக்கை. கிறுக்குத்தான், அவளுக்கே தெரியும். இருந்தாலும் அதை விட்டால் பிடித்துக்கொள்ள வேறு என்ன இருக்கிறது?

திருப்பூர் முதலிபாளையத்தில் அவள் வேலை பார்க்கிற பனியன் கம்பெனியில் அவளுக்குச் செக்கிங். தைத்து வருகிற ஒவ்வொரு பீஸையும் விரித்துப் பார்த்து, தையல் விட்டிருக்கிறதா, ஓட்டை இருக்கிறதா, பிரிண்ட் சரியா என்று பார்க்க வேண்டும். ஆர்டர் கொடுத்த வெளிநாட்டு பையர் அனுப்பிவைத்த சாம்பிள் பீஸ் மேசைக்கு எதிரே தொங்கும். அதோடு ஒத்துப் பார்த்துத்தான் பாஸ் செய்ய வேண்டும்.

அன்றைக்குப் புது ஆர்டரின் முதல் லாட் வந்தது. சூப்பர்வைசர் அனுப்ரியா சாம்பிளை மாட்டிக்கொண்டே சொன்னாள்: "இந்த பையர் பழைய படமா எடுத்து பனியன்ல போட்டு விக்கறாங்களாமா. இது ஏதோ குண்டு போடற காமெடிப் படமாமா, அதுல கடைசி சீனு. மலமேல ரெண்டு பேரு கூடையத் தொறந்து வெச்சு சாப்பிடறாங்க பாருங்கக்கா."

மெஹ்ஜபின் சட்டென்று முகத்தைத் திருப்பிக்கொண்டாள். உலகத்தில் இத்தனை கம்பெனி இருக்க, திருப்பூரில் இத்தனை சந்து இருக்க, அந்தப் படத்தின் முடிவு தேடிக்கொண்டு தன் மேசைக்குத்தானா வர வேண்டும்!

பார்க்கமாட்டேன் என்று முடிவு செய்துவிட்டாள். அனுப்ரியா நகர்ந்ததும் சாம்பிளைச் சுவர்ப்பக்கம் திருப்பி மாட்டினாள். கட்டுக்கட்டாக வந்த பீஸ்களை வேறெங்கோ பார்த்துக்கொண்டே உள்பக்கம் வெளியே வருமாறு புரட்டினாள். தையலை உள்பக்கமாகவே பார்த்தாள். பிரிண்ட் உரிந்திருக்கிறதா என்று பனியனுக்குள் கையை விட்டுத் தடவிப் பார்த்தாள். கையில் படுவது மலையா, மனுஷரா, இன்னொன்றா என்று நினைக்காமல் இருக்க முயன்றாள். அன்று மாலைக்குள் லாட் முழுவதும் பாஸ்.

மறுநாள் காலை புரொடக்ஷன் மேனேஜர் சிவபிரகாஷ் போட்ட சத்தத்தில் ஃபேன் சத்தம்கூடக் கேட்கவில்லை.

"ஏனுங்க மெஹ்ஜபின், கண்ண ஊட்லயே வெச்சுட்டு வந்தீங்களா? இதப் பாருங்க!" என்று ஒரு பனியனை மேசைமேல் விரித்துப் போட்டார். கண்ணை மூட நேரமில்லை.

பார்த்துவிட்டாள். மலை. மலைமேல் கிளார்க்கும் தட்டச்சுப் பெண்ணும். நடுவில் கூடை. அவர்களுக்குப் பின்னால் வானம் நிறைய, குடை விரித்தாற்போல் பெரிய மரம். பச்சைப் பசேல் என்று.

மரம்! மெஹ்ஜபினுக்கு முகமெல்லாம் மலர்ந்துவிட்டது. குண்டு விழவில்லை! இரண்டு பேரும் மர நிழலில் உட்கார்ந்து நிம்மதியாகச் சாப்பிடுகிறார்கள்! திட்டு வாங்குகிற பெண் இப்படிச் சிரித்துச் சிவபிரகாஷ் பார்த்ததில்லை. ஒரு கணம் அவர் குழம்பிப்போனார். பிறகு சுவர்ப்பக்கம் திரும்பியிருந்த சாம்பிளைப் பிடுங்கிப் பக்கத்தில் போட்டார்.

அதே மலை, அதே இருவர், அதே கூடை. பின்னால் மரம் இல்லை. செக்கச்செவேல் என்று நெருப்பும் புகையுமாகக் குடை.

பிரிண்டிங் மாஸ்டர் சென்னிமலை கையைப் பிசைந்துகொண்டு நின்றிருந்தார். "படம் கறுப்பு வெள்ளைல வந்துதுங்க. கலரு எழுதுன சீட்டக் காணோம், சாம்பிளும் எங்க பக்கம் வரலீங்க. மலமேல ரெண்டு பேரு உக்காந்து சோறு திங்கறாங்க, மேல கவுந்தாப்ல ஒண்ணு இருக்குது. நெழலில்லாம எவனாச்சும் உக்காந்து திம்பானுங்களா? மரம்னுதானுங்க நெனச்சேன். பச்சையப் போட்டுட்டேன்."

சிவபிரகாஷ் தலையில் கையை வைத்துக்கொண்டார். பையருடைய ஆள் வருவதற்குள் எல்லாவற்றையும் புதிதாகக் கட்டிங்கிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். சென்னிமலைக்குக் கிடைத்த திட்டில் பாதி அவளுக்கும் கிடைத்தது. அவள் ஒன்றும் எதிர்த்துப் பேசவில்லை. ஒரு வார்த்தையும் காதில் ஏறவுமில்லை. விழுந்துவிட்டது, விழுந்தேவிட்டது என்பதுதான் உள்ளே ஓடிக்கொண்டிருந்தது. இத்தனை நாளும் அவர்களை மலை ஏறவிடாமல் பிடித்து வைத்திருந்தது வீண். போன் வந்து நாலு நாள் ஆகிவிட்டது. பாத்ரூமுக்குள் போய்த் தாழிட்டுக்கொண்டு துப்பட்டாவை வாயில் அடைத்துக்கொண்டு அழுதாள்.

மத்தியானம் சாப்பாட்டு டப்பாவைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தபோது போன் அடித்தது. அவன்தான்.

"புள்ள, நல்லாருக்கேன். வேற கேம்புக்கு மாத்திட்டாங்க, அங்க சிக்னலே இல்ல. அழுதியா? கொரல் ஏன் இப்படிக் கெடக்குது?"

"அழல. சளி." கொஞ்சம் பொறுத்து, "மச்சான், ஒரு தப்புப் பண்ணிட்டேங்க. நம்ம படத்தோட கடைசியப் பாத்துட்டேன். படத்துல இல்ல. கம்பெனிக்குப் பனியனா வந்துருச்சு" என்றாள்.

எதிரே கழித்துப்போட்ட பச்சைப் பனியன்கள் மூட்டையாகக் கிடந்தன. அதைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்: "ரெண்டு பேரும் மலமேல உக்காந்து சாப்பிடறாங்க. பின்னால பெரிய மரம் மச்சான். பச்சைப் பசேல்னு."

பதில் வரப் பிந்தியது; நெட் மந்தம்தான். ஆனால் இது அந்த மந்தம் இல்லை.

"ஆமா புள்ள" என்றான் அஸ்ஃபாக். "மரந்தான். நல்ல நெழலு."

மெஹ்ஜபினுக்குப் பொட்டில் அடித்தாற்போல் விளங்கிவிட்டது. பார்க்காதவனாக இருந்தால் "ஏன்டி சொன்ன, படமே போச்சே" என்று குதித்திருப்பான். பார்த்துவிட்டான். ஏதோ ஒரு நிலவறையில், சங்கு ஊதிக்கொண்டிருக்க, இனி ஊர் போய்ச் சேர்வோமா, சேர்ந்து பார்ப்போமா என்று தெரியாமல் தனியாக உட்கார்ந்து கடைசிவரை பார்த்திருக்கிறான். செக்கச்செவேல் என்று பார்த்திருக்கிறான். தனியாகப் பார்த்தால் கொன்றுபோடுவேன் என்று சொன்ன மனுஷன்! பயந்தபோது பக்கத்தில் சிரிக்க ஒரு ஆள் இல்லாமல் போயிற்றே என்று அவளுக்கு நெஞ்சு வெடித்தது.

நல்லா நாலு கேட்க வேண்டும் என்று வாயைத் திறந்தாள். வந்தது வேறு.

"அந்த மரத்துல குருவி இருந்துதுங்களா மச்சான்?"

"இருந்துச்சே. ரெண்டு."

மெஹ்ஜபினுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கண்ணில் தண்ணீரும் சோற்றுக் கையுமாகச் சத்தமாகச் சிரித்தாள். அனுப்ரியா திரும்பிப் பார்த்தாள். சிரித்து முடித்து, போனைக் காதோடு அழுத்திக்கொண்டு காத்திருந்தாள். வந்தது அவனுடைய சிரிப்பு, எப்போதும்போலப் பிந்தி.

"உங்க சைஸுல ஒண்ணு கேட்டு எடுத்து வெக்கறேன். பச்ச" என்றாள்.

துணிக்காரன் அல்லவா, உடனே கேட்டான்: "தொவைச்சா வெளுக்குமா?"

"தொவைக்கவே மாட்டேன். நீங்க வாங்க."