கேபிளைப் பிடுங்கிய பிறகு

அறையில் மூன்று பேர் இருந்தோம். கதவோர நாற்காலியில், மடியில் பையோடு ஜோதியம்மாள். ஜவ்வாது மலையில் ஒரு சிறு மருத்துவமனையில் மருந்து கொடுப்பவர். ஏசிக்கு நேர் கீழே எங்கள் முதலாளி புகழேந்தி. சுவரைப் பார்த்த மேசையில் நான், வினோதினி. சேர்ந்து ஐந்து மாதம். வேலை நிரந்தரமா இல்லையா என்று அடுத்த மாதம்தான் சொல்வார்கள்.

மருந்துச் சீட்டு அச்சிடும் மென்பொருளை, அது ஓடத் தேவையான பேக்கேஜ்கள் என்னும் துணை நிரல்கள் எல்லாவற்றோடும் ஒரே கட்டாக அடைத்து, கன்டெய்னர் இமேஜாகப் பென் டிரைவில் ஏற்றியிருந்தேன். ‘தேவையான அனைத்தும் இதில் உள்ளன’ என்ற கடிதத்தில் கையெழுத்து மட்டும் பாக்கி. மலைக்குப் பஸ் மூன்று மணிக்கு. அப்போதே இரண்டரை.

“எங்க மலையில நெட்டே கெடையாதும்மா. அதான் உங்ககிட்ட வந்தோம்” என்றார் ஜோதியம்மாள்.

பேனா நின்றது. நான் சோதித்ததெல்லாம் இணையம் இருந்த கணினியில். ஏதாவது விட்டுப்போயிருந்தால், ஓடத் தொடங்கும்போது அதுவே இணையத்திலிருந்து இறக்கிக்கொண்டிருக்கும். எழுந்து இணையக் கேபிளைப் பிடுங்கினேன்.

“என்னம்மா பண்ற? நேத்து ஓடுச்சில்ல?” என்றார் புகழேந்தி.

இமேஜைப் புதிதாக ஓடவிட்டேன். சீட்டு வந்தது. மருந்தின் பெயர் ஆங்கிலத்தில் சரியாக இருந்தது. கீழே, ‘காலை ஒன்று, சாப்பிட்ட பின்’ என்று வர வேண்டிய இடத்தில் வரிசையாகக் காலிக் கட்டங்கள். தமிழ் எழுத்துரு பேக்கேஜைச் சேர்க்க மறந்திருக்கிறேன்.

ஜோதியம்மாள் சீட்டைக் கண்ணருகே பிடித்தார். “இன்னாம்மா, தாயக்கட்டம் போட்டு வெச்சிருக்க?”

“மறுபடி செய்யணும் சார். நாப்பது நிமிஷம் ஆகும். இல்லன்னா என்ன விட்டுப்போச்சுன்னு லெட்டர்ல எழுதிடறேன்.”

“பஸ் போயிடும். கையெழுத்துப் போட்டுக் குடு, அடுத்த வாரம் பாத்துக்கலாம்.” புகழேந்தி குரலைத் தாழ்த்தினார். “மொத ஆர்டரும்மா. தப்பு நம்மளதுன்னு எழுத்துல குடுப்பாங்களா? உன் ஃபைலும் எங்கிட்டதான் இருக்கு.”

ஜோதியம்மாளுக்குக் காது நன்றாகவே கேட்கும். “சார், ஒரு வாரம் நான் கையால எழுதிக்குவேன். ஆனா எல்லாம் இருக்குன்னு லெட்டர் சொன்னா, நாளைக்கு எவனாவது மாத்திரைய மாத்தி முழுங்கினா டாக்டர் யாரப் புடிப்பாரு? என்னத்தான.”

மணி இரண்டு நாற்பது.

கையெழுத்திடாத அந்தக் கடிதத்தைக் கிழித்தேன். கீழ்பென்னாத்தூர் பள்ளியில் கற்றபடி அனுப்புநர், பெறுநர், பொருள் என்று வரிசையாக, டாக்டருக்குப் புதிதாக எழுதினேன். ‘தமிழ் எழுத்துரு இதில் இல்லை. இணையமின்றிச் சோதிக்காதது என் தவறு. திருத்தியது வரும்வரை மருந்து வேளையைக் கையால் எழுதித் தரவும். ஜோதியம்மாள் இதற்குப் பொறுப்பல்லர்.’ கீழே என் முழுப் பெயர்.

“குடு, படிச்சிட்டுத் தரேன்.” புகழேந்தியின் கை என் தோளுக்கு மேல் நீண்டிருந்தது.

கடிதத்தையும் பென் டிரைவையும் உறைக்குள் போட்டு, பசை தடவி, அதன் வாயைக் கட்டைவிரலால் இரண்டு முறை அழுத்தினேன். ஜோதியம்மாள் அதை வாங்கிப் பையில் செருகிக்கொண்டு ஷேர் ஆட்டோவுக்கு ஓடினார். கேபிள் மேசை விளிம்பில் இன்னும் தொங்கிக்கொண்டிருந்தது.