சகலையின் கட்டைவிரல்

என் மனைவியின் அக்கா கணவர்தான் எனக்கு மேலதிகாரி. வீட்டில் சகலை, ஆய்வகத்தில் டாக்டர். இரண்டு இடத்திலும் என் உயிரை எடுப்பவர்.

ஒரு கசப்பு இலையின் சாறு ஃப்ளூ வைரஸைக் கொல்லும் என்று மூன்று வருடமாக ஒற்றைக்காலில் நிற்கிறார். இந்த முறையும் நிரூபிக்காவிட்டால் ஆய்வகத்தை மூடிவிடுவார்கள். அக்கா வீடு, தங்கை வீடு இரண்டிலும் ஒரே நாளில் சம்பளம் நின்றுபோகும்.

ஆய்வகத்தை மூடுவதா வேண்டாமா என்று முடிவு செய்யும் குழுவினர் வரும் காலையில்தான் சோதனைத் தட்டை எடுத்தோம். சின்னச் சின்னக் குழிகள். ஒவ்வொன்றிலும் செல்கள், வைரஸ், இலைச்சாறு. செல் பிழைத்திருந்தால் சாயம் ஏறி ஊதாவாகும், செத்திருந்தால் வெளுத்திருக்கும். தட்டு முழுக்க ஊதா! சகலை என் கையைப் பிடித்துக்கொண்டு ஒரு சுற்றுச் சுற்றினார்.

இரண்டாவது சுற்றில் இருவருமே நின்றுவிட்டோம். கடைசி வரிசை சாறே விடாத வரிசை. வைரஸ் மட்டும்தான். அது வெளுத்துக் கிடக்க வேண்டும். அதுவும் ஊதா.

"வைரஸ் ஏற்கெனவே செத்துப்போச்சா?" என்றேன்.

சகலையின் முகம் பேயறைந்த மாதிரி ஆனது.

"போன வெள்ளிக்கிழமை இலை அரைக்க மிக்ஸி போட்டேன். வைரஸ் வச்சிருந்த ஃப்ரீசரோட ப்ளக்கைப் பிடுங்கிட்டுத்தான் மாட்டினேன். திங்கக்கிழமைதான் ஞாபகம் வந்து திரும்பச் சொருகினேன்."

"அப்போ ஒரு வகையில இலைதான் வைரஸைக் கொன்னிருக்கு" என்றேன்.

"வாயை மூடுங்க" என்றார் சகலை.

கதவு திறந்தது. குழுத்தலைவி அம்மையாரும் இன்னும் இருவரும் உள்ளே வந்தார்கள். சகலை சட்டென்று தட்டை எடுத்து, கடைசி வரிசைமேல் கட்டைவிரலை நீளவாக்கில் அழுத்திக்கொண்டார். அதன்பிறகு அந்த விரல் நகரவே இல்லை. இடது கையால் வணக்கம் வைத்தார். இடது கையால் காபி வாங்கி, பாதியைச் சட்டைக்குக் கொடுத்தார். "தட்டைக் கொஞ்சம் குடுங்க" என்று கேட்டவரிடம், "சூடா இருக்குங்க" என்றார். சிரிப்பை அடக்க நான் உதட்டைக் கடித்துக்கொண்டேன்.

அம்மையார் ஊதா நிறத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு குரலைத் தாழ்த்திக் கேட்டார்.

"எங்க வீட்டுக்காரர் ஃப்ளூ காய்ச்சல்ல படுத்திருக்கார். இந்தச் சாறுல கொஞ்சம் குடுப்பீங்களா?"

கொடுத்துவிடாதே என்று மனசுக்குள் கத்தினேன். உண்மையைச் சொல்லிவிடாதே என்றும் கத்தினேன். இரண்டையும் ஒரே மூச்சில்.

சகலை விரலை எடுத்தார்.

"வேண்டாம்மா. வைரஸைக் கொன்னது சாறு இல்ல, நான்தான்." மிக்ஸியிலிருந்து ப்ளக் வரை ஒன்று விடாமல் ஒப்பித்தார்.

"அப்போ இந்த இலை?"

"கசக்கும். அது மட்டும் நிச்சயம்."

மற்ற இருவரும் காபிக் கோப்பைக்குள் சிரித்தார்கள். அம்மையார் சிரிக்கவில்லை.

"இந்தக் கட்டடத்துல எல்லா மருந்தும் வேலை செய்யுதுன்னுதான் எங்கிட்டச் சொல்றாங்க. தெரியாதுன்னு சொன்ன முதல் ஆள் நீங்க. இன்னும் ஆறு மாசம் எடுத்துக்குங்க. எங்க வீட்டுக்காரருக்கு அதுக்குள்ள தானாவே சரியாயிடும்."

எனக்குக் கண் கலங்கிவிட்டது. கல்யாணமான நாளிலிருந்து முதல்முறையாகச் சகலையை எனக்குப் பிடித்தது. அவரிடம் சொல்லவில்லை, தலைமேல் ஏறி உட்கார்ந்துகொள்வார். என் மனைவியிடம் மட்டும் சொன்னேன். எனக்குக் காய்ச்சலா என்று நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள்.