சப்பான் பிள்ளை

சங்ககிரிக்குப் பக்கத்தில் சின்னண்ணன் வீட்டுக்கு டிவி வந்தது எண்பத்தேழில். மகன் வேலுமணி ஆழ்துளைக் கிணறு போடும் போர் வண்டியோடு வடக்கே போய், ஊர் ஊராகத் துளை போட்டுச் சம்பாதித்த காசில் வாங்கியது. பெட்டி வந்தது, வாங்கியவன்தான் வரவில்லை. தைக்கு வருகிறேன் என்றான், பிறகு சித்திரைக்கு என்றான். அவன் மனைவி சௌந்திரம் அவனோடு வாழ்ந்ததைவிட அவனுக்காகக் காத்திருந்ததுதான் அதிகம்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் டெல்லியிலிருந்து ஒரு ஜப்பான் பொம்மைப் படம் வரும். கப்பலில் போன அப்பனைத் தேடி ஒரு சிறுமி துறைமுகம் துறைமுகமாக அலைகிற தொடர்கதை. பேச்செல்லாம் இந்தி. சௌந்திரத்துக்கு ஒரு வார்த்தை புரியாது. ஆனால் கப்பலிலிருந்து ஆட்கள் இறங்க இறங்க, அந்தப் பிள்ளை ஒவ்வொரு முகமாகப் பார்க்கும்போது இவளும் கூடவே ஒவ்வொரு முகமாகத் தேடுவாள். அதற்கு இந்தி எதற்கு? அந்தப் பிள்ளை அப்பனைக் கண்டுவிட்டால் வேலுமணியும் வந்துவிடுவான் என்று அவளுக்கு ஒரு கிறுக்கு நம்பிக்கை. மாமனார் சின்னண்ணன் பின்னால் கட்டிலில் செய்தித்தாளைப் பிரித்துப் பிடித்திருப்பார். படம் முடியும்வரை ஒரு பக்கமும் புரளாது. அதை அவள் கவனித்ததில்லை.

மாசியில் சென்னையிலிருந்து ஒரு ஆள் வந்தார். எந்த வீட்டில் எதைப் பார்க்கிறார்கள் என்று கணக்கெடுக்கிறாராம்.

"நெறைய பேர் பார்க்கிறதுதான் நிக்கும், ஐயா. மத்ததை நிறுத்திடுவாங்க. அந்த ஜப்பான் பொம்மைப் படம் பார்ப்பீங்களா?"

ஊர்ப் பஞ்சாயத்தில் முதல் நாற்காலி சின்னண்ணனுடையது. அந்த வாயில் 'பொம்மைப் படம்' வருமா?

"அது கொழந்தைக பாக்கறதுங்க. எங்கூட்டுல கொழந்தை ஏதுங்க? நாங்க நியூசு, வெவசாயம், அவ்வளவுதானுங்க."

கொழந்தை ஏது என்றது சௌந்திரத்துக்குச் சுருக்கென்றது. வந்தவர் அவள் பக்கம் திரும்பினார்.

"நீங்கம்மா?"

நான் பார்க்கிறேன் என்பது நாக்கு நுனிவரை வந்தது. மாமனார் இல்லை என்ற பிறகு மருமகள் ஆமாம் என்பதா?

"நியூசுதானுங்க" என்றாள்.

எல்லா வீட்டிலும் இதே பதில்தான் போலிருக்கிறது. நாடே நியூசு பார்த்தது! பங்குனியில் ஒரு ஞாயிறு, படம் வருகிற நேரத்துக்குப் பெட்டியில் யாரோ ஒருவர் மேடையில் பேசிக்கொண்டிருந்தார். போன வாரம் அந்தப் பிள்ளை, ஒரு கப்பல் வருவதைக் கண்டு ஓடிக்கொண்டிருந்தது. அதோடு சரி. தவளை தன் வாயால் கெட்ட கதை தன் கதைதான் என்று சௌந்திரம் அடுப்படியில் நின்று அழுதாள்.

அடுத்த ஞாயிறு மொட்டைமாடியில் சத்தம் கேட்டது. சின்னண்ணன் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஆன்டெனாவைத் திருகிக்கொண்டிருந்தார். தெருவே அண்ணாந்து பார்த்தது.

"அம்மிணி! அந்தச் சப்பான் புள்ள வருதா?" என்று மேலிருந்து கத்தினார்.

எதிர்வீட்டுச் சென்னியம்மாள் சிரித்துவிட்டாள். "ஏனுங்க, நீங்களும் பொம்மைப் படம் பாப்பீங்களா?"

"ஆமா, பாக்கறன். அதுக்கென்ன இப்ப? கப்பல்ல எறங்குனது அதோட அப்பனா இல்லையான்னு தெரிய வேண்டாமா?"

சௌந்திரம் பெட்டியைப் பார்த்தாள். மேடையில் அதே ஆள் பேசிக்கொண்டிருந்தார். படம் பளிச்சென்று தெரிந்தது. ஆன்டெனாவில் ஒரு குறையும் இல்லை என்று அவளுக்குத் தெரியும்.

வாசலுக்கு வந்தாள். அந்த வீட்டுக்கு வந்ததிலிருந்து முதல்முறையாகத் தெரு கேட்கக் குரலை உயர்த்தினாள்.

"வர்லீங்க மாமா! இன்னுங் கொஞ்சம் வடக்கால திருப்புங்க!"