போர்டில் ஏறிய கோடு

என்னிடம் படிக்க வருகிற பிள்ளைகளுக்கு மூளை இல்லை என்று சொல்ல மாட்டேன். இருக்கிறது, ஆனால் கடம் அடிக்க மட்டும்தான் அதை வைத்திருக்கிறார்கள். நீடாமங்கலத்தில் ஒரு செல்போன் கடை மாடியில் ஐஇஎல்டிஎஸ் கோச்சிங் நடத்துகிறேன். வெளிநாடு போகிறவர்கள் எழுதுகிற இங்கிலீஷ் பரீட்சை. ஒரு வரைபடத்தைக் கொடுத்து, அதில் கோடு எப்படி ஏறியது, எப்படி இறங்கியது என்று நூற்றைம்பது வார்த்தையில் எழுதச் சொல்வார்கள். இதுகளோ நெட்டில் கிடைக்கிற வரைபடத்துக்கெல்லாம் விடையைப் பாடம் பண்ணிவிட்டு வந்து கொட்டும். போர்டில் கோடு இறங்கிக்கொண்டிருக்கும், நோட்டில் 'ஏறியது' என்று இருக்கும்!

அந்த ஞாயிற்றுக்கிழமை காலை எனக்குப் பொறுக்கவில்லை.

"இன்னிக்கு ஒருத்தரும் பார்த்தே இருக்காத சார்ட் ஒண்ணு போடுறேன். கடம் அடிச்சதை எல்லாம் மூட்டை கட்டி வைங்க."

சொல்லிவிட்டேன், புது எண்களுக்கு எங்கே போவது? என் வீட்டுக்காரர் அரவிந்தனின் ரத்தப் பரிசோதனைதான் சட்டென்று நினைவுக்கு வந்தது. பிரஷர் இருப்பதால் வருஷா வருஷம் சித்திரையில் எடுக்கிறோம். அதில் கிரியாட்டினின் என்று ஒன்று உண்டு, சிறுநீரகம் வேலை செய்கிற லட்சணத்தைச் சொல்வது, கூடினால் கெடுதல். ஆறு வருஷத்து எண்ணும் எனக்கு அத்துப்படி. 1.2, 1.3, 1.5, 1.9, 2.6, 3.8. போன வருஷத்தைவிட இந்த வருஷம் கொஞ்சம் கூட, அவ்வளவுதானே என்று ஒவ்வொரு தடவையும் நினைத்துக்கொள்வேன். கடைசித் தடவை டாக்டர் முகத்தைச் சுளித்து, தஞ்சாவூர் போய் கிட்னி டாக்டரைப் பாருங்கள் என்றார். "குறுவை அறுப்பு முடியட்டும் மேகலா, ஆஸ்பத்திரி எங்க ஓடிடப் போவுது" என்றார் இவர். எனக்கும் அது நியாயமாகத்தான் பட்டது.

வரைபடத்துக்கான கட்டங்களை ஒவ்வொரு வகுப்புக்கும் வரைய அலுப்புப்பட்டு, போர்டில் பெயிண்டாலேயே போட்டு வைத்திருந்தேன். இடது ஓரத்தில் பூஜ்யத்திலிருந்து இருபது வரை எண்கள். அதிலேயே ஆறு புள்ளியும் வைத்துக் கோட்டை இழுத்தேன். வரப்பு மாதிரி தரையோடு தரையாகப் படுத்துக் கிடந்தது.

"என்ன மிஸ் இது?" என்றான் சைபுல்லா. கனடாவுக்குப் படிக்கப் போகிறவன், வகுப்பிலேயே வாய் அதிகம். "'ரோஸ் ஸ்லைட்லி', லேசா ஏறிச்சுன்னு ஒரு வரி எழுதிட்டா முடிஞ்சுது. மிச்ச வார்த்தைக்கு நான் எங்க போவேன்?"

எல்லோரும் சிரித்தார்கள். எனக்குச் சுர்ரென்று ஏறியது.

"உன் வாய் நீளத்துக்கே ஒரு சார்ட் போடலாம்டா. இரு, பெருசா போட்டுத் தொலைக்கிறேன்."

பக்கத்துக் காலி இடத்தில் புதிதாக வரைந்தேன். இந்த முறை அளவு பூஜ்யத்திலிருந்து நாலு வரைக்கும்தான். அதே எண்கள், அதே புள்ளிகள். கோடு முதலில் சாதுவாகப் போனது. நாலாவது புள்ளியில் நிமிர்ந்தது. அப்புறம் நெட்டுக்குத்தாக ஏறி உச்சியைத் தொட்டது. நான் மார்க்கரைப் பிடித்தபடி நின்றேன். ஒரு எண்ணையும் நான் மாற்றவில்லை. இத்தனை வருஷமாக இதையா கொஞ்சம் என்றோம்?

பிள்ளைகளுக்கு ஒரே குஷி.

"சோர்ட்!"

"ராக்கெட்டட்!"

"சர்ஜ்ட் டிராமாட்டிக்கலி!" என்று கைதட்டினாள் கயல்விழி. "தங்கம் விலையா மிஸ்?"

அத்தனையும் கோடு கிடுகிடுவென்று ஏறினால் எழுத நான் சொல்லிக்கொடுத்த வார்த்தைகள். தப்பே இல்லை, பாவிகள் எல்லாம் சரியாகச் சொன்னார்கள்.

"ஃப்யூச்சரும் எழுதணும்ல மிஸ்? 'இஸ் ப்ரொஜெக்டட் டு'..." என்று சைபுல்லா எழுந்து வந்து, என் கையிலிருந்த மார்க்கரை வாங்கிக் கோட்டை அதே சாய்வில் நீட்டினான். போர்டின் சட்டம் வந்துவிட்டது. அதற்கு மேலே வெறும் சுவரில் மார்க்கரை ஓட்டிக் காட்டினான். "அடுத்த வருஷம் செவுத்துல ஏறிடும் மிஸ்!"

அறை முழுக்கச் சிரிப்பு. அவனை ஓங்கி அறையலாம் போல இருந்தது. கை வரவில்லை.

ஹஃப்ஸா மட்டும் சிரிக்கவில்லை. தஞ்சாவூரில் ஓர் ஆஸ்பத்திரியில் டயாலிசிஸ் வார்டு நர்ஸ் அவள், அயர்லாந்து போகப் படிக்கிறாள். எழுந்து என் பக்கத்தில் வந்து நின்றாள்.

"யூனிட் போடலியே மிஸ். கிரியாட்டினினா இது?"

தலையாட்டினேன்.

"யாரோடது?"

"எங்க வீட்டு சாரோடது."

"கடைசியா எப்ப எடுத்தீங்க?"

"சித்திரையில."

அப்போது புரட்டாசி நடந்துகொண்டிருந்தது. அவள் போர்டைப் பார்த்தாள், அப்புறம் என்னைப் பார்த்தாள்.

"வலி மாத்திரை ஏதாச்சும் போடுறாங்களா மிஸ்?"

"இடுப்பு வலிக்கு மெடிக்கல்ல வாங்கிப் போடுவாங்க. அறுப்பு ஆரம்பிச்சதுலேருந்து தெனமும்."

"கிட்னி இப்படி இருக்கறப்ப அதைத்தான் தொடவே கூடாது மிஸ்! போன் போடுங்க."

ஸ்பீக்கரில் போட்டேன். அறுப்பு மெஷின் இரைச்சலுக்கு நடுவே அவர் குரல் கேட்டது. ஹஃப்ஸாவே பேசினாள்.

"சார், நான் மிஸ்கிட்ட படிக்கிற நர்ஸ் பேசுறேன். யூரின் சரியாப் போவுதா உங்களுக்கு?"

"இது என்னம்மா கேள்வி!" என்று சிரித்தார். சிரிப்பு இருமலில் போய் முடிந்தது. "நேத்துலேருந்து போகவே இல்ல. வெயில்ல நிக்கிறோம்ல, அதான். மூச்சு வேற வாங்குது. மேகலா, நெல்லு ஏத்த வண்டி வந்துடுச்சு. சாயங்காலம் பேசுறேன்."

"ஏங்க, ஏங்க, வெச்சிடாதீங்க!"

வைத்துவிட்டார். திரும்பப் போட்டேன். மணி அடித்து அடித்து ஓய்ந்தது. இன்னொரு தடவை போட்டேன். எடுக்கவில்லை.

"வயல் எங்க இருக்கு மிஸ்?"

"ரயில்வே கேட்டைத் தாண்டி, வாய்க்கால் பக்கம்."

"தஞ்சாவூருக்குக் கார் சொல்லு, வயலுக்கே வரச் சொல்லு" என்று ஹஃப்ஸா சைபுல்லாவிடம் கத்திவிட்டு, என் கையைப் பிடித்து இழுத்தாள். தன் வார்டு எண்ணைப் போனில் அழுத்தியபடியே படியிறங்கினாள். பெட் ஒன்று வேண்டும், டாக்டரை இருக்கச் சொல்லுங்கள் என்று அவள் சொல்வது காதில் விழுந்தது. எந்நேரமும் நோயாளிகளோடேயே இருக்கிறவள், எதற்கும் பதறாதவள், செருப்புக்கூடப் போடாமல் எனக்கு முன்னால் தெருவில் ஓடினாள்.