எலியாஸின் கால்

தேவராஜா பொறுப்பாக இருந்த தொழிற்சாலைப் பகுதியில், தகடு வளைக்கும் பெரிய இயந்திரம் ஒன்று இருந்தது. அதற்கு இரண்டு ஆட்கள் வேண்டும். ஒருவன் தகட்டைக் கையால் உள்ளே வைத்துவிட்டு, கையை இழுத்துக்கொண்டு "போ" என்பான். மற்றவன் மிதிகட்டையை மிதிப்பான். மேலேயிருந்து இறங்குகிற பாரம் தகடென்றும் கையென்றும் வித்தியாசம் பார்க்காது. முன்னால் ஒரு காவல் கம்பியும் இருந்ததுதான். வேலை மெதுவாகிறதென்று முதலாளிமார் அதைக் கழற்றி மூலையில் சாத்திவிட்டார்கள், புண்ணியவான்கள்.

உள்ளே கை வைப்பவன் கலீல். மிதிப்பவன் எலியாஸ். இருவரும் லெபனான்காரர். கலீல் முஸ்லிம், எலியாஸ் கிறிஸ்தவன். சிட்னிக்கு வந்த காலத்திலிருந்தே சோடியாக வேலை செய்தவர்கள். நாளடைவில் கலீல் "போ" சொல்வதையே விட்டுவிட்டான். அவன் தோள் பின்வாங்கும், எலியாஸின் கால் இறங்கும், அவ்வளவுதான்.

எழுபத்தைந்தாம் ஆண்டு ஏப்ரலில் பெய்ரூட்டில் ஒரு பஸ்ஸைச் சுட்டார்கள். அதோடு கிறிஸ்தவரும் முஸ்லிமுமாக மோதி லெபனான் பற்றிக்கொண்டது. நெருப்பு சிட்னிக்கு வர அதிக காலம் எடுக்கவில்லை. முதலில் சாப்பாட்டு அறையில் மேசைகள் பிரிந்தன. பிறகு ஒருவன் இன்னொருவன் முகத்தில் கொதிக்கும் தேநீரை வீசினான். அங்கே பெரிய ஹோட்டல்களில் மாடிக்கு மாடி சண்டை நடந்த நாட்களில், இங்கே கார் நிறுத்தும் இடத்தில் ஒருவனின் காதை இரும்புக் குழாயால் அடித்துப் பிய்த்தார்கள். அந்த இரத்தத்தைத் தேவராஜாதான் தண்ணீர் ஊற்றிக் கழுவினான். எல்லாச் சோடியும் உடைந்தது. கலீலும் எலியாஸும் மட்டும் ஒரே ரொட்டியைப் பிய்த்துத் தின்றார்கள். ஊர்க்கதை மட்டும் எடுக்கமாட்டார்கள்.

டிசம்பரில் பெய்ரூட்டில் எலியாஸின் தம்பியை முஸ்லிம் ஆயுததாரிகள் வீதித்தடையில் மறித்தார்கள். லெபனானில் அடையாள அட்டையில் மதம் எழுதியிருக்கும். மறித்தவர்கள் அட்டையைப் பார்த்தார்கள், அவனைக் காரிலிருந்து இழுத்தார்கள், மதிலோடு சாய்த்துக் கழுத்தை அறுத்தார்கள். தந்தி வந்த அன்றோடு எலியாஸ் வேலைக்கு வருவதை நிறுத்தினான். கலீல் இயந்திரத்தடியில் தனியே நின்று, செத்தவீட்டுக்குப் போகவேண்டும், போகவும் முடியாது என்று புலம்பினான்.

தேவராஜாவிடம் ஒரு கெட்ட குணம் இருந்தது. உலகத்தில் உள்ள ஊரெல்லாம் தான் பிறந்த யாழ்ப்பாணம் மாதிரி என்றே அவன் நம்பினான். தன் ஹோம்புஷ் பிளாட்டின் குசினியில், சமைத்துக்கொண்டிருந்த மனைவி விமலாதேவியிடம் விஷயத்தைச் சொன்னான்.

"நான் கலீலைக் கூட்டிக்கொண்டு எலியாஸ் வீட்டை போயிட்டு வாறன்."

"இஞ்சாருங்கோ, அவையின்ர சண்டைக்குள்ள நீங்கள் ஏன் தலையைக் குடுக்கிறியள்?"

"செத்தவீட்டுக்குப் பகையாளி வந்தாலும் கதிரை போட்டு இருத்துவினம். அப்பா செத்தண்டு பெரியப்பா வந்தவர்தானே? காணிச் சண்டையில எவ்வளவு காலம் முகம் பாராமல் இருந்த மனுசன். ஆரேன் துரத்தினவையே?"

"உங்கட அப்பா கழுத்தறுபட்டே செத்தவர்?"

நல்ல கேள்வி. காதில் விழுந்தால்தானே!

கலீல் முதலில் மறுத்தான். "என்னை நம்பு" என்றான் தேவராஜா. "சாவு வீட்டில் ஒருவனும் உன் மேல் கை வைக்கமாட்டான். பயப்படாதே, நான் இருக்கிறேன்." போகவேண்டுமென்ற ஆசை கலீலுக்கும் இருந்தது. அதுதான் வினையாகிப்போனது.

ஞாயிறு பகல், ஹாரிஸ் பார்க் பகுதியில் எலியாஸின் வீட்டுக் கூடம் நிறைய ஆண்கள். கலீலைக் கண்டதும் பேச்சு அடங்கியது. எலியாஸ் எழுந்தான். ஒரு கதிரையை இழுத்துப் போட்டான். சாவு வீட்டு வழக்கப்படி சீனி போடாத காப்பியைத் தன் கையாலேயே கொண்டுவந்து கொடுத்தான். கலீல் கண்ணீரோடு குடித்தான். தேவராஜாவுக்குப் பெருமை பிடிபடவில்லை. வீட்டுக்குப் போய் விமலாதேவியிடம் என்னென்ன சொல்லலாம் என்று அங்கேயே அடுக்கத் தொடங்கிவிட்டான்.

அப்போது, பெய்ரூட்டிலிருந்து தப்பி அண்மையில் வந்திருந்த எலியாஸின் மச்சான் ஒருவன், கலீலிடம் பெயரும் ஊரும் கேட்டான். கலீல் உண்மையைச் சொன்னான். அது முஸ்லிம் ஊர். மச்சான் கோப்பையைத் தட்டிவிட்டான்.

கலீலைக் குசினி வழியாகப் பின்வளவுக்கு இழுத்தார்கள். துணி காயப்போடும் சுழல்கம்பியில் அவன் தலையை மோதினார்கள். அவன் இருந்த கதிரையையே தூக்கி வந்து, அதன் கால் முறியும்வரை அவனை அடித்தார்கள். குறுக்கே பாய்ந்த தேவராஜாவின் வாயில் ஒரு குத்து விழுந்தது. புல்லில் குப்புற விழுந்தான். எலியாஸ் ஒவ்வொருவராகப் பிடித்து இழுத்தான். "என் வீட்டில் காப்பி குடித்தவன், விடுங்கள்!" என்று கத்தினான்.

அந்த நேரம் பார்த்து அவன் தாய், செத்த மகனின் படத்தை நெஞ்சோடு அணைத்தபடி வெளியே வந்து, அடிவயிற்றிலிருந்து ஓலமிட்டாள். எலியாஸின் கைகள் தளர்ந்தன. பிறகு அவனும் கலீலை மிதித்தான். மிதிகட்டையில் வைக்கிற அதே வலக்கால். விலா எலும்பு முறிகிற சத்தம் தேவராஜாவுக்குக் கேட்டது. கலீலின் பற்கள் புல்லில் கிடந்தன. எலியாஸ் அழுதுகொண்டே மிதித்தான்.

படியில் விழுந்தேன் என்று கலீல் பொலிசுக்குச் சொன்னான். நத்தார், புத்தாண்டு விடுமுறை கழிந்து, எலும்பு ஓரளவு பொருந்தியதும் வேலைக்கு வந்தான். குடும்பம் சாப்பிடவேண்டுமே.

எலியாஸும் வேலைக்குத் திரும்பியிருந்தான், ஆனால் அவன் பக்கம் திரும்பவில்லை. நேரே தேவராஜாவிடம் வந்து, "வேறு ஆளைப் போடு" என்றான். "என் காலை நான் நம்பவில்லை."

தேவராஜா அவனைப் பெட்டி கட்டும் பகுதிக்கு அனுப்பினான். தானே போய் மிதிகட்டைக்கு முன் நின்றான். செய்த பாவத்துக்கு இதாவது செய்யவேண்டும் என்று மனம் அடித்துக்கொண்டது.

கலீல் தகட்டை எடுத்தான். உள்ளே வைக்கவில்லை.

"பயப்படாதே, நான் இருக்கிறேன்" என்றான் தேவராஜா.

கலீல் சிரித்தான். முன்பல் ஒன்றும் இல்லை. "காலை எடு. எலியாஸைக் கூப்பிடு."

"கலீல், அவன் உன்னை..."

"அவனுக்குத் தன் காலைப் பார்த்துப் பயம். அது போதும் எனக்கு. உனக்கு எதிலும் பயமில்லை. உன் காலை நம்பி நான் உள்ளே கை வைக்கமாட்டேன்."

தேவராஜாவுக்குக் காது சுட்டது. போய் எலியாஸைக் கூட்டிவந்தான். எலியாஸின் முகம் வெளிறியிருந்தது. காலை மிதிகட்டைக்கு மேலே தூக்கினான். கலீல் தகட்டை வைத்தான், விளிம்பைச் சரிபார்த்தான், கைகளை வெளியே இழுத்தான். தோள் பின்வாங்கியது. கால் இறங்கவில்லை.

கலீல் எலியாஸின் கண்ணைப் பார்த்தான். தன் இரண்டு கைகளையும் அவனுக்குத் தெரியும்படி தூக்கிக் காட்டினான். பிறகு வாய் திறந்து, "போ" என்றான்.